மல்லிகா கல்யாணத்துத் தயிர்

மருந்துக்கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி வரும். தன்னை டாக்டர் என்று நினைத்துக்கொள்ளும் வியாதி. ஊரில் உள்ள எல்லா நோய்க்கும் மருந்து அடுக்கி வைத்திருக்கும் கடையில் இதற்கு மட்டும் மருந்து கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு அது முற்றியிருந்தது. காரைக்காலில் ஒரு மருந்துக்கடையில் வேலை, பி.யூ.சி. படிப்பு, கல்யாணமாகி கோவில்பத்தில் குடித்தனம். காலையில் என் வீட்டுக்காரர் சைக்கிளில் வைத்து அழைத்துவந்து கடை வாசலில் இறக்கிவிட்டுத் தன் ஆபீசுக்குப் போவார். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நான் அதோடு நின்றேனா? நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. (அதையும் ஒருமுறை செய்தேன். முதலாளி பார்த்துவிட்டார்.)

அந்த நாளில் ஆன்டிபயாடிக் எழுதுகிற டாக்டர்கள் கூடவே இன்னொரு மாத்திரையும் எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி மஞ்சள் என்று குப்பி மாதிரி இருக்கும். மருந்து கம்பெனி ஆள் வந்து எங்கள் முதலாளிக்கு விளக்கம் சொன்னபோது நான் அலமாரிக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியைக் கொல்லப் போகிற வேகத்தில், நம் குடலில் காலகாலமாகக் குடியிருக்கும் நல்ல கிருமியையும் சேர்த்துத் தீர்த்துக்கட்டிவிடுமாம். அதனால்தான் வயிறு கலங்குகிறதாம். நல்ல கிருமியை மறுபடி உள்ளே குடிவைக்கத்தான் இந்த மாத்திரை. தயிரில் இருப்பதும் அதே வம்சம்தான். வயிறு ஒழுங்காக இருந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் ஒழுங்காக இருக்கும்.

எனக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே நல்ல கிருமிதான். மோர் குடிக்கிறவரை நிறுத்தி "உங்க டம்ளர்ல எத்தனை கோடி உயிர் நீந்துது தெரியுமா?" என்று கேட்பேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். பழைய சோற்றின் பெருமையை நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர்கள் இட்லிக்கு மாறிவிடுவார்கள். இட்லி மாவையும் விட மாட்டேன். வரிச்சிக்குடியில் என் பிறந்த வீட்டுக்குப் போனால் அம்மா முன்கூட்டியே கையெடுத்துக் கும்பிடுவாள். "சோறு திங்கற நேரத்துல கிருமி கிருமிங்காதடி கௌசி. குமட்டிக்கிட்டு வருது."

இந்த லட்சணத்தில்தான் என் தங்கை மல்லிகாவின் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை பாண்டிச்சேரியில் பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இல்லாத பிள்ளை. தாய்மாமன்தான் வளர்த்து, படிக்கவைத்து, ஆளாக்கினார். அந்த மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்போம். சொல்தா மாமா நில் என்றால் அந்தக் குடும்பமே நிற்கும், உட்கார் என்றால் உட்காரும். மாப்பிள்ளை அவரை எதிர்த்து ஒரு 'ம்' கூடச் சொன்னதில்லை என்று பெண் பார்க்க வந்த அன்றே பெருமையாகச் சொன்னார்கள். அதைக் கேட்டு மல்லிகா முகம் கொஞ்சம் வாடியது. அவர்கள் போனதும் என்னிடம், "அக்கா, இவருக்கு வாய் இருக்கா?" என்று கேட்டாள். "போகப் போகத் தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு முதல் நாளே வரிச்சிக்குடியில் வந்து இறங்கினார்கள். சொல்தா மாமாவின் பெட்டியோடு மூடி போட்ட ஒரு வெள்ளை எனாமல் சட்டியும் இறங்கியது. எதற்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா அதைத் தேய்த்துக் கழுவி, "என்ன பளபளப்பு! நாளைக்குப் பந்தியில சாம்பார் வைக்க ஆகும்" என்று எடுத்து வைத்தாள். (வைக்கவில்லை. அதற்குள் அவர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு நினைத்தாலும் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் போல இருக்கிறது.)

கல்யாணத்துக்குத் தயிர் வேண்டுமே. பால்காரர் கேன்களோடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பாலைக் காய்ச்சி, ஆற்றி, அண்டாவில் ஊற்றிவிட்டு அம்மா உறைமோர்ச் சட்டியைத் திறந்தாள். சட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"யாருடி குடிச்சது?"

என் வீட்டுக்காரர் கூட்டத்தின் பின்னாலிருந்து தலையைச் சொறிந்தார். "காலையில பழைய சோத்துக்கு ஊத்திக்கிட்டேன் அத்தை. நல்ல கிருமி நிறைய உள்ள போகணும்னு கௌசிதான் தினமும் சொல்லுவா."

வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஒரு கிண்ணம் உறைமோர்தானே, பக்கத்து வீட்டில் வாங்கினால் போச்சு என்று நீங்கள் நினைப்பீர்கள். விளக்கு வைத்த பிறகு எங்கள் பக்கத்தில் உயிரைக் கேட்டாலும் கொடுப்பார்கள், உறைமோர் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அதோடு மகாலட்சுமியும் படியிறங்கிவிடுவாள். நானே போய்க் கேட்டேன். பக்கத்து வீட்டு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய் வேணுமா எடுத்துக்க. பாத்திரம் வேணுமா எடுத்துக்க. பரிமாற எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாரையும் அனுப்பறேன். இது ஒண்ணை மட்டும் கேக்காத தாயி. விடியட்டும், குடத்தோட தர்றேன்" என்றார். விடிந்த பிறகு உறை ஊற்றினால் மத்தியானப் பந்திக்குப் பாலைத்தான் ஊற்ற வேண்டும்.

சமையல்காரர் கோவிந்தன், "நாலு மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போடுங்கம்மா, உறைஞ்சிடும்" என்றார். என் வீட்டுக்காரர், "சைக்கிள்ல போய் டவுன் ஓட்டல்ல ஒரு கிண்ணம் வாங்கியாந்துடறேன்" என்று கிளம்பியே விட்டார். பாவம், அவர் செய்த பாவத்துக்கு அவரே பரிகாரம் தேடினார். போக விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

"எதுக்கு அலையணும்? என் பையில இருக்கு உறை" என்றேன்.

கல்யாண வீட்டில் யாருக்காவது வயிறு கெட்டால் கொடு என்று முதலாளி அந்த மாத்திரையின் சாம்பிள் டப்பாக்களை ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பியிருந்தார். தயிரில் இருப்பது இதே வம்சம்தான் என்றால், இதைப் பாலில் போட்டால் தயிர் ஆகாமல் வேறு என்ன ஆகும்? பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து குப்பி குப்பியாகத் திருகித் திறந்து, உள்ளே இருந்த தூளை அண்டாவில் கொட்டினேன். கூடவே ஒரு சொற்பொழிவு. ஊர்த் தயிரில் கிருமி கொஞ்சம், இதில் கூட்டம் கூட்டமாக இருக்கிறது, நாளைக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு ஆறு மாதம் சளி பிடிக்காது என்கிற வரைக்கும் போனேன்.

கையில் மருதாணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மல்லிகா கேட்டாள். "தூள் ஏன்க்கா இப்படி மஞ்சளா இருக்கு?"

"நல்ல கிருமியோட நிறமே அதுதான்."

என்ன தைரியம் பாருங்கள்! டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருந்த கிருமியின் பெயர் எனக்கு மனப்பாடம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் என்னவோ வரிசையாக எழுதியிருந்தது. பொடி எழுத்தைப் படிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

விடிந்ததும் அண்டாவின் துணியை விலக்கினோம். உறைந்ததா என்றால் உறைந்திருந்தது. தயிரா என்றால், சொல்ல முடியாது. சொளசொளவென்று, எலுமிச்சம்பழ நிறத்தில், திறந்த டானிக் பாட்டில் வாசனையோடு இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு கரண்டி குடித்துப் பார்த்தோம். புளிப்பு இருந்தது. கடைசியில் நாக்கில் ஒரு கசப்பும் இருந்தது.

கோவிந்தன் அண்டாவை ஒரு சுற்று சுற்றி வந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல இதைக் காட்டாதீங்கம்மா. மோர்க்குழம்பா வச்சிடறேன். மஞ்சளுக்கு மஞ்சள் மறைஞ்சிடும். மிச்சத்தை ராத்திரிக்குத் தாளிச்ச தயிர்சாதமா ஆக்கிடலாம்." இஞ்சியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு அந்த டானிக் வாசனையை ஒரு வழியாக அமுக்கினார். (மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் நல்ல கிருமி வெந்து செத்துவிடாதா என்ற கேள்வி, நல்ல கிருமியின் பேராசிரியையான எனக்கு அப்போது தோன்றவே இல்லை.)

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. பந்தியில் சொல்தா மாமா மோர்க்குழம்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி, "த்ரே போன்!" என்றார். பிரெஞ்சில் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். ராத்திரி தயிர்சாதத்துக்கும் அதே 'த்ரே போன்'. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் என் உறையின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல வேளையாக மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

மறுநாள் காலை மல்லிகாவைப் புகுந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வாசலில் வேன் நின்றது. சீர்ப் பாத்திரங்களை ஏற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை ஒரு காலை வேன் படியில் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்புறத்திலிருந்து சொல்தா மாமா வந்தார். இரண்டு கையிலும் ஏந்தியபடி அந்த வெள்ளை எனாமல் சட்டி.

விஷயம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வியட்நாமில், சைகோனில் இருந்தபோது அவருக்கு மஞ்சள்காமாலை வந்து, பிழைத்ததே பெரிசாம். அன்று முதல் எந்த ஊரில் இருந்தாலும் காலையில் அந்த வெள்ளைச் சட்டியில்தான் ஒன்றுக்குப் போவார், நிறத்தைப் பரிசோதிப்பார், பிறகுதான் வீட்டை விட்டு வெளியே கிளம்புவார்.

"சம்பந்தி, இங்க வாங்க. இதைப் பாருங்க."

அப்பா தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். "மஞ்சளாத்தானேங்க இருக்கும்?"

"இது மஞ்சளா? எலுமிச்சம்பழம் தோத்துது! சைகோன்லகூட எனக்கு இப்படிப் போகல."

உடனே தன் வீட்டு ஆண்கள் எல்லாரையும் கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி உத்தரவு போட்டார். வரிசையாகப் போனார்கள், ஒவ்வொருவராகத் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். அத்தனை பேருக்கும் அதே கதை. பெண்கள் பக்கம் குசுகுசுவென்று ஆரம்பித்து, அங்கேயும் அதே கதை. என் வீட்டுக்காரர் என் காதோரம் வந்து, "கௌசி, எனக்கும்" என்றார். நான் அவரிடம் சொல்லவில்லை, விடியற்காலையிலேயே எனக்கும்தான்.

சொல்தா மாமா தீர்ப்பு சொன்னார். "காமாலைதான். இந்த ஊர்த் தண்ணி. நாங்க உடனே பாண்டிச்சேரி போய் ஆஸ்பத்திரியில சேர்றோம். பொண்ணு இங்கேயே இருக்கட்டும். எல்லாம் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

'அப்புறம் பார்க்கலாம்' என்றால் என்ன என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். தாலி ஏறிய மறுநாள், வேன் வாசலில் நிற்க, பெண்ணை விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் போனால் ஊர் என்ன பேசும்? தண்ணீரைப் பற்றியா பேசும்? அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மல்லிகா அழவில்லை. கழுத்தில் கிடந்த புது மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையையே பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா நான் இருக்கிறேனே, சும்மா இருப்பேனா? எல்லாரையும் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"பயப்படாதீங்க மாமா. தண்ணியில ஒரு கிருமியும் கிடையாது. தயிர்ல நான் போட்டதும் நல்ல கிருமிதான்."

சொல்தா மாமா சட்டியோடு இரண்டடி முன்னால் வந்தார்.

"என்னது? கிருமியைப் போட்டியா?"

"நல்ல கிருமிங்க..."

"கல்யாணச் சாப்பாட்டுல கிருமியைக் கலந்திருக்காங்க! டேய், ஏறுங்கடா எல்லாரும்! நான் பாண்டிச்சேரியில பிரெஞ்சு கான்சுல் வரைக்கும் போவேன்!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மாப்பிள்ளை வீட்டார் குழந்தை குட்டிகளோடு வேனில் முண்டியடித்து ஏறினார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. வேன் படியில் வைத்திருந்த காலை மாப்பிள்ளை கீழே எடுத்து வைத்தார்.

"மாமா, எனக்கும் மஞ்சளாத்தான் போச்சு."

"அதுக்குத்தான் சொல்றேன். ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"இல்ல மாமா. எனக்கும் காமாலை, அவளுக்கும் காமாலை. அவ இங்க இருக்கணும்னா நானும் இங்கேயே இருந்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

சொல்லியே விட்டார். சொன்னதோடு வேனுக்குள் கையை விட்டுத் தன் பெட்டியை இழுத்துக் கீழே வைத்து, மல்லிகா பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கல்யாணம் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மல்லிகா அப்போது அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை. கட்டளைக்குக் கீழ்ப்படியாத சிப்பாயைச் சொல்தா மாமா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பார் போல.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "அண்ணி, காரைக்கால்ல நல்ல டாக்டர் யாருங்க? மாமாவையும் கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்."

அதே வேனில் போனோம். நடுவில் சொல்தா மாமா, மடியில் சட்டி, சட்டியின் மேல் ஒரு வாழை இலை. பள்ளத்தில் வேன் குலுங்கும்போதெல்லாம் எல்லாரும் ஒருபக்கமாக ஒதுங்கினோம்.

எங்கள் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்பும் டாக்டரம்மா சிரிக்கவே மாட்டார் என்று ஊரில் பேர். சட்டியைப் பார்த்தார். மாமாவின் கண் ரெப்பையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். "பசி எடுக்குதா?" என்று கேட்டார். "காலையில பொங்கல் சாப்பிட்டேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டேன்" என்றார் மாமா. டாக்டரம்மா, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மோர்க்குழம்பு வரைக்கும் நடந்ததைச் சொல்லிக் காலி டப்பாவை நீட்டினேன்.

பெரிய எழுத்தைத் தாண்டி நேராகப் பொடி எழுத்துக்குப் போனார். படித்தார். பிறகு, யாரும் பார்த்திராத அந்தச் சிரிப்பைச் சிரித்தார். மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இதுல கிருமி மட்டும் இல்லம்மா. பி-காம்ப்ளெக்ஸ் வைட்டமினும் இருக்கு. அதுல ஒரு வைட்டமினோட நிறம்தான் இந்த மஞ்சள். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை இப்படி வெளிய தள்ளிடும். காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நிறையத் தண்ணி குடிங்க, நாளைக்குத் தெளிஞ்சிடும்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குளுகுளுவென்று இருக்கும்.

"அப்ப நல்ல கிருமி பொய்யாங்க டாக்டர்?" என்று கேட்டேன். புத்தி போகிறதா பாருங்கள்.

"பொய் இல்ல. வயித்துக்கு நல்லதுதான். அதுக்குத்தான் தயிரும் மோரும் சாப்பிடறோம். மருந்து தின்னு வயிறு கலங்கினவங்களுக்கு நானும் மாத்திரை எழுதறேன். அதுக்காக ஆறு மாசம் சளி பிடிக்காதுன்னு யாருக்கும் வாக்குக் கொடுக்காத. சாப்பாட்டுல மருந்தையும் கலக்காத. அதையும் கொதிக்க வச்சிருக்கீங்க. அதுல எது உயிரோட இருந்திருக்கும்?"

சொல்தா மாமா மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "ஆனா ஒண்ணு டாக்டர். எனக்கு வருஷக்கணக்கா வயிறு சரியில்ல. இன்னைக்குக் காலையில சுத்தமாப் போச்சு. அந்தத் தயிர்தானே காரணம்?"

"அது பயத்துல போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

வீடு திரும்பினோம். பக்கத்து வீட்டு அத்தை, பகல் ஆகிவிட்டதால் மகாலட்சுமிக்கு எந்தப் பங்கமும் இல்லாமல், ஒரு குடம் தயிரே கொண்டுவந்து வைத்திருந்தார். இராகு காலம் கழியக் காத்திருந்து, அதை எல்லாரும் ஒரு கை பார்த்துவிட்டு, மல்லிகாவை வேனில் ஏற்றினோம். மாப்பிள்ளை தன் பெட்டியை மறுபடி தானே ஏற்றினார். கிளம்பும்போது மல்லிகா என்னைக் கட்டிக்கொண்டு, "வாய் இருக்குக்கா" என்று காதில் சொன்னாள். சொல்தா மாமா யாரும் பார்க்காத நேரம் என்னை ஓரமாக அழைத்து, அந்த மாத்திரையில் இரண்டு டப்பா மிச்சம் இருக்குமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கடையில் நான் சீட்டில் உள்ளதை எடுத்துக் கொடுப்பதோடு சரி. பொடி எழுத்தை மட்டும் இரண்டு தடவை படிப்பேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ஒரு புதுக் கேள்வி சேர்ந்துவிட்டது. பையனுக்கு என்ன வேலை, எந்த ஊர், குடிப்பானா என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் யாராவது ஒருவர், "மஞ்சளாப் போனா கூட இருப்பானா?" என்று கேட்பார்கள். உடனே எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் காப்பி கலக்கிறேன் என்று உள்ளே போய்விடுவேன்.

மல்லிகாவின் பெண்ணைப் பார்க்க வந்த பையனிடமும் அதே கேள்விதான். கேட்டது மல்லிகாவேதான். அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அம்மாவைப் பார்த்தான், மோட்டுவளையைப் பார்த்தான்.

"மஞ்சளாப் போனா... நான் என்ன செய்யணும்ங்க?"

மல்லிகா தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி. வேன்ல ஏறாம இருந்தா போதும்."